ஐந்துக்கு ஒன்று

எங்கள் அலுவலகத்தில் யாராவது வேலையை விட்டுப் போனால் அன்று மத்தியானச் சாப்பாடு வெளியிலிருந்து எடுப்போம். அந்த முறை போகிறவர் உறைப்பு விரும்பிச் சாப்பிடுகிறவர். நான் முந்திக்கொண்டு, தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் என் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், அவர் போடும் மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டவர்கள் பிறகு வேறு கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்று அளந்தேன். அண்ணன்மாரின் பெருமை பேசுவதில் தங்கச்சிமாருக்கு ஒரு ருசி உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

பக்கத்து மேசைக்காரி நல்ல பெண். கடையின் பெயரைக் கேட்டுப் போனில் தட்டினாள். மெனுவைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. போனை என் பக்கம் காட்டாமல், மற்றவர்களைப் பார்த்து, “இந்த முறை பீட்சா எடுத்தால் என்ன?” என்று கேட்டாள். நான் விடுகிற ஆள் இல்லை. எட்டிப் போனை வாங்கிப் பார்த்தேன். கவுன்சில் ஆட்கள் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சோதித்துப் புள்ளி போடுவார்கள் அல்லவா, அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. ஐந்து என்றால் மிக நல்லது. பூச்சியம் என்றால் அந்தத் தெருவாலேயே போகக்கூடாது. என் அண்ணன் கடைக்கு நேரே ஒன்று என்று இருந்தது.

பீட்சாவுக்கு என்ன போடுவது என்று மற்றவர்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. “பழைய தகவலாக இருக்கும்” என்று ஏதோ சொன்னேன். பழையது இல்லை, சோதித்த திகதியும் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் என் பிள்ளைகளும் அங்கேதான் சாப்பிட்டோம். கடைக் கண்ணாடியில் புள்ளியைக் காட்டும் ஸ்டிக்கர் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. இங்கிலாந்தில் அதை ஒட்டித்தான் ஆகவேண்டும் என்று சட்டமும் இல்லை.

எண்களைப் பார்ப்பதுதான் என் தொழில். எந்த வார்டில் எத்தனை பேர் எத்தனை நாள் படுத்திருந்தார்கள், எங்கே கிருமி பரவியது என்று ஆஸ்பத்திரிக் கணக்குகளை அட்டவணை போட்டுப் பார்த்து, பெரிய டொக்டர்மாருக்கே இது இப்படி, அது அப்படி என்று விளக்குகிறவள். அதனால் பீட்சாவைத் தொடாமல் மேசையில் இருந்தபடியே எங்கள் பகுதிக் கடைகளின் முழுத் தரவுக் கோப்பையும் இறக்கினேன். எவரும் இறக்கலாம், பொதுவில்தான் கிடக்கிறது. அண்ணன் கடையின் வரியைத் தேடிப் பிடித்தேன். வெளியே தெரியும் ஒற்றைப் புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்கள் இருந்தன. முதலாவது, சாப்பாட்டைக் கையாளும் விதத்துக்கு. இரண்டாவது, இடத்தின் சுத்தத்துக்கும் நிலைமைக்கும். மூன்றாவது, கடையை நடத்துகிறவர் மேல் சோதிக்க வந்தவருக்கு உள்ள நம்பிக்கைக்கு. அண்ணனுக்குப் பத்து, ஐந்து, இருபது.

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. சாப்பாட்டுக்கு இருபத்தைந்தில் பத்து. சுத்தத்துக்கு இருபத்தைந்தில் வெறும் ஐந்து. நம்பிக்கைக்கு முப்பதில் இருபது. அண்ணன் வாய்ச்சாலகர். வந்தவரைப் பேச்சில் மயக்கி நம்பிக்கைப் புள்ளியை வாங்கியிருக்கிறார், ஆனால் குசினி குப்பை. அம்மா இருந்திருந்தால் அந்தக் குசினி வாசலிலேயே தும்புத்தடியோடு நின்றிருப்பா. எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. வேலை முடிந்ததும் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் நேரே மிச்சம் பஸ்சைப் பிடித்தேன்.

கடைக்குள் போனதும் ஒரு வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. நேரே குசினிக்குள் நுழைந்தேன். பிறிஜ்ஜைத் திறந்தேன், மற்றப் பிறிஜ்ஜையும் திறந்தேன். அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். குனிந்து சிங்குக்குக் கீழே போனில் வெளிச்சம் அடித்தேன். ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி கையை அப்படியே நிறுத்திவிட்டா.

“என்ன பிள்ளை, என்னத்தைத் தேடுறாய்?” என்று அண்ணன் கேட்டார்.

“எலியைத் தேடுறன்.”

“இஞ்சை எங்கையடி எலி!” அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒவ்வொரு நாளும் முழங்காலில நிண்டு தேய்க்கிறன். உன்ர வீட்டுக் குசினியைப் போய்ப் பார் முதல்.”

அவ சொன்னது நியாயம்தான். அந்தக் குசினி என் வீட்டுக் குசினியைவிட எவ்வளவோ சுத்தம். பச்சை இறைச்சி கீழ்த்தட்டில், மூடி போட்டு, திகதி எழுதி. சமைத்தது மேல்தட்டில். வெட்டும் பலகைகள் நிறம் நிறமாய்த் தனித்தனியே. கை கழுவும் சிங்கில் சவர்க்காரம், துடைக்கிற பேப்பர். நான் விரல் ஓட்டிய இடத்தில் தூசுகூட இல்லை. அலுவலகத்தில் பட்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. குப்பையைக் கண்டிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், இப்போது என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பின்மேசையில் போய் இருந்து லப்டொப்பைத் திறந்தேன். இம்முறை, முதலிலேயே வாசித்திருக்க வேண்டிய விளக்கப் பக்கத்தை வாசித்தேன். வெளியே தெரியும் புள்ளி கூடக் கூட நல்லது. உள்ளே இருக்கும் மூன்று எண்கள் அதற்கு நேர்மாறு, குறையக் குறைய நல்லது. அவை குற்றத்துக்குப் போடும் எண்கள். ஐந்து என்றால் நல்ல சுத்தம். பத்து என்றால் பரவாயில்லை. நம்பிக்கையில் இருபது என்றால், இந்த மனிதரை நம்பி ஒரு கோப்பைச் சோறு வாங்கக்கூடாது என்று அர்த்தம். மூன்றில் ஒன்று அவ்வளவு மோசமாய்ப் போனால் மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் கடை ஒன்றுக்கு இறங்கிவிடும். எண்ணைப் பார்க்க முதல் அது எந்தப் பக்கம் வளருகிறது என்று பாருங்கள் என்பதுதான் அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதற்பாடம். சொந்த அண்ணன் என்றதும் எனக்குப் படிப்பு எல்லாம் பறந்துவிட்டது.

“அண்ணை, சோதிக்க வந்தவர் ஒரு ரிப்போர்ட் தந்திருப்பாரே. எங்கை அது?”

அண்ணன் முகம் கறுத்தது. “அது எல்லாருக்கும் அப்பிடித்தானாம்” என்றார். அண்ணி மேசை லாச்சியைத் திறந்து, எனக்கும் பார்க்க ஆசைதான் என்பதுபோல, எடுத்துத் தந்தா.

நிதானமாக வாசித்தேன். சோதிக்க வந்தவர் தன் கண்ணால் கண்டதெல்லாம் நல்லதாகவே எழுதியிருந்தார். பிறிஜ்ஜின் குளிர் சரி, மேசைகள் சுத்தம், பூச்சி புழு இல்லை. அதன் பிறகு, கடை உரிமையாளர் தெரிவித்தது என்று தொடங்கியது. ஆக்கிய சோற்றை இரவு முழுக்க வெளியே வைத்து மறுநாள் விற்கிறாராம். சூடு எவ்வளவு என்று ஒருநாளும் பார்ப்பதில்லையாம். கடையில் ஒருவரும் பயிற்சி எடுக்கவில்லையாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்தச் சாப்பாட்டில் கச்சான் கடலை கலந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாதாம். அண்ணன் மிஞ்சிய சோற்றை ஒருநாளும் வைத்ததில்லை, கடை மூடும்போது எங்கள் எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துவிடுவார். பயிற்சிப் பத்திரம் அந்த ரிப்போர்ட்டுக்குக் கீழே அதே லாச்சியில் கிடந்தது.

“பச்சைப் பொய்!” என்று கத்தினேன். “இந்த ஆள் இருந்து கதை எழுதியிருக்கிறான். எங்கட நிறத்தைப் பாத்து எழுதியிருக்கிறான். நான் விடமாட்டன். நாளைக்கே கவுன்சிலுக்கு எழுதிறன், எம்பிக்கும் எழுதிறன்.”

“அந்தாளில பிழை இல்லை” என்றார் அண்ணன்.

“பேந்து ஆர் சொன்னது இதெல்லாம்?”

“நான்தான்.”

அண்ணி கையில் இருந்த ரோல்ஸை வைத்துவிட்டா. அவருக்கு அந்த ஆளின் இங்கிலிஷ் விளங்கியிருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் கேட்டும் விட்டேன்.

“விசரே உனக்கு? எத்தினை வருசம் மினிகாப் ஓடினனான். எல்லாம் வடிவா விளங்கினது. சோறு வெளியில கிடக்கிறதோ எண்டு கேட்டார். ஓம் சேர் எண்டன். ரெயினிங் இல்லாமலே வேலை செய்யிறியள் எண்டு கேட்டார். ஓம் சேர் எண்டன்.”

“அது பொய்யெல்லே அண்ணை! இல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன?”

அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஏதோ வேறு ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்ற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. “கழுத்தில ஐடி தொங்குது. கையில எழுதிற சாமான். முகத்துக்கு நேரை நிண்டு கேக்கிறார். அவரைப் பாத்து இல்லை எண்டு சொல்லவோ?”

நான் மன்னாரை விட்டு வரும்போது சின்னப் பிள்ளை. ஆமிக்காரர் ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு வரிசை. அம்மாவின் சீலைத் தலைப்பும் வெயிலும்தான் எனக்கு ஞாபகம். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பும் வயது, அவர் ஆண்களின் வரிசையில் நின்றவர். அந்த வரிசையில் என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. அன்று கடையில் ஆட்கள் இல்லை. அண்ணன் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதை சொல்வதுபோல இல்லாமல், சமையல் செய்முறை சொல்வதுபோலச் சொன்னார்.

“என்ன கேட்டாலும் ஓம் சேர் எண்டு சொல்லோணும். நீ எங்களைக் கண்டிட்டு ஒளிச்சனிதானே எண்டால் ஓம் சேர். பொய்தானே சொல்லுறாய் எண்டால் ஓம் சேர். அப்பிடிச் சொன்னால் ரெண்டு அடியோட விடுவாங்கள். இல்லை எண்டால்தான் கோவம் வரும். என்னோட தன்ர சைக்கிளில வந்தவன் ஒருத்தன் இல்லை எண்டு சொன்னவன்.”

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். நான் பொழுதுபடும் மட்டும் வெளியில நிண்டு பாத்தன். பேந்து ரெண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தன். ஒண்டை அவன்ர தாயிட்டைக் குடுத்தன்.”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. கட்டின மனிசிக்கே அது புதுக்கதை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்து, சனிக்கிழமை தவறாமல் அவர் கையால் சாப்பிட்டு, இதை நான் ஒரு கவுன்சில் அட்டவணையின் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. அண்ணன் போனை எடுத்துக் காட்டினார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி கம்பனி எழுதியிருந்தது. புள்ளி இரண்டுக்குக் கீழே இருக்கும் கடைகளை அவர்கள் வைத்திருப்பதில்லை, அடுத்த மாத முடிவுக்குள் புதுப் புள்ளி வராவிட்டால் நீக்கிவிடுவோம் என்று. கடைக்கு வருகிற ஓடர்களில் பாதிக்கு மேல் அந்தப் போனில்தான் வருகின்றன. அது நின்றால் கடை நிற்கும். கடை நின்றால் அண்ணன் இந்த வயதில், அந்த முதுகு வலியோடு, திரும்பவும் இரவிரவாகக் கார் ஓட வேண்டும். வழி ஒன்றுதான் இருந்தது. மறுபடி வந்து சோதியுங்கள் என்று கேட்டு எழுதலாம். அவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் வருவார்கள். வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள்.

அன்றே எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திரும்பத் திறந்தேன். கோபத்தில் அல்ல, ஒரு சந்தேகத்தில். எங்கள் ஆட்களின் கடைகள் என்று பெயரிலேயே தெரிகிற வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். மிச்சம், டூட்டிங், பிறகு அந்தப் பக்கத்துக் கோப்பையும் இறக்கி ஈஸ்ட் ஹாம், ஃபாரஸ்ட் கேட். பல கடைகளுக்கு நல்ல புள்ளி. ஆனால் ஒன்று வாங்கிய கடைகளைப் பார்த்தால், முதல் இரண்டு எண்களும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் இருபதில் நிற்கும் வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் பயம்தான் என்று நான் சொல்லமாட்டேன். எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் இருப்பார்கள், உண்மையாகவே கவனமில்லாதவர்களும் இருப்பார்கள். எந்த எண் எதனால் வந்தது என்று அந்த அட்டவணை சொல்லாது. ஆனால் ஒவ்வொரு இருபதுக்கும் பின்னால் ஒருவர் கையைக் கீழே தொங்கவிட்டு நின்று ஓம் சேர், ஓம் சேர் என்று தலையாட்டுவது எனக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. லப்டொப்பை மூடிவிட்டேன், அதற்கு மேல் பார்க்க ஏலவில்லை.

பேப்பர் வேலை எனக்குக் கைவந்தது. சூடும் குளிரும் எழுதும் தாள் ஒட்டினோம், அண்ணி நேரம் தவறாமல் எழுதினா. பயிற்சிப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். எதில் கச்சான், எதில் பால் என்று சுவரில் எழுதினோம். எல்லாம் சரி, அண்ணனின் வாயை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவரை வீட்டுக் குசினியில் நிறுத்தினேன். என் அலுவலக ஐடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேனையும் பேப்பருமாய் முன்னால் நின்று, வெள்ளைக்காரக் குரலில் இங்கிலிஷில் கேட்டேன்.

“சோறு இரவு முழுக்க வெளியிலா இருக்கிறது?”

“ஓம் சேர்.”

“அண்ணை!”

“சரி சரி, இன்னொருக்கால் கேள்.”

“கடையில் எலி இருக்கிறதா?”

“ஓம் சேர்.”

“எலியோ!” அண்ணி கையில் கிடந்த துணியை அவர் மேல் எறிந்தா. “என்ர ஆண்டவரே, எலி இருக்கெண்டு சொல்லுது மனுசன்! பாம்பு இருக்கோ எண்டு கேள், அதுக்கும் ஓம் எண்டும்!” அண்ணனே சிரித்துவிட்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பாம்பு இருக்கிறதா என்று கேட்டேன். வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தலை தானாக ஆடியது. அப்போதுதான் கவனித்தேன், நான் ஐடியை மாட்டிய நேரத்திலிருந்து அவருடைய இரண்டு கையும் தொடையோடு ஒட்டியபடி இருந்தன, விரல்கள் விரிந்து, வெறுங்கை என்று காட்டுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

“உனக்கு இல்லை எண்டு ஆயிரந்தரம் சொல்லுவன் பிள்ளை” என்றார் அண்ணன். “நீ என்ர தங்கச்சி. உனக்குச் சொல்லி என்ன, அந்தாளுக்கெல்லே சொல்லோணும்.”

அதன் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களை எல்லாம் நான் கடைப் பின்மேசையில் கழித்தேன். அந்த மனிதர் வந்தால் அண்ணனுக்குப் பதிலாக நான் பேசிவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. அவர் ஒரு மழை நாளில் வந்தார். குடையை வெளியே உதறி மடக்கி, கால் துடைத்து உள்ளே வந்த அவரைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நான் மனதுக்குள் வைத்துத் திட்டிய ஆள் இவரா? மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட, தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிற ஒரு மனிதர். கழுத்தில் ஐடி. வெள்ளை மேற்சட்டை, தலைக்கு வலைத்தொப்பி. கையில் டப்லட். அண்ணனின் கைகள் இரண்டும் தொடையோடு போய் ஒட்டின.

அவர் பிறிஜ்களைப் பார்த்தார். சூட்டுமானியைக் கறிக்குள் குத்திப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்றார். பிறகு அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“போன முறை, ஆக்கிய சோறு இரவில் வெளியே இருக்கும் என்று சொன்னீர்கள். இப்போதும் அப்படியா?”

நான் வாயைத் திறந்தேன். அவர் மரியாதையாக என் பக்கம் கையைக் காட்டி, “மன்னிக்க வேண்டும், உரிமையாளர் சொல்வதைத்தான் நான் கேட்க வேண்டும்” என்றார். அண்ணி செபமாலை உருட்டுகிற மாதிரி விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தா. அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தலை மெல்ல ஆடத் தொடங்குவதைக் கண்டேன். போச்சு, கடை போச்சு என்று நினைத்தேன்.

“நோ” என்றார் அண்ணன்.

அது அவருடைய குரலாகவே இல்லை. அந்த மனிதர் தட்டி எழுதினார். ஒருவரும் கடையில் பயிற்சி எடுக்கவில்லையா? நோ சேர், பத்திரம் சுவரில் இருக்கிறது. சூடு பார்ப்பதில்லையா? நோ சேர், பார்க்கிறோம். ஒவ்வொரு தடவை நோ சொன்னபோதும் அண்ணனின் நெற்றியில் வியர்வை கூடியது. கடைசியில் அந்த மனிதர் டப்லட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“போன முறை எல்லாவற்றுக்கும் யெஸ் என்றீர்கள். இன்று எல்லாவற்றுக்கும் நோ என்கிறீர்கள். நான் எதை நம்புவது?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஆனால் அந்தக் கேள்வி முன்பும் சென்றியில் அண்ணனின் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு ஊரில் சரியான பதில் என்று ஒன்று இருக்கவில்லை. அண்ணன் முதல் முறையாக அந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

“போன முறை எனக்கு உங்களைக் கண்டு பயம், சேர்.”

“என்னையா?” என்றார் அவர். உண்மையாகவே திடுக்கிட்டுப்போனார். தன்னைத் தானே குனிந்து பார்த்தார், தான் எங்கே பயங்கரமாக இருக்கிறேன் என்று தேடுகிற மாதிரி. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

“நீங்கள் இல்லை. இது” என்று அண்ணன் அவர் கழுத்தில் தொங்கியதைக் காட்டினார்.

அவர் ஐடியை எடுத்து மேற்சட்டைப் பைக்குள் செருகினார். டப்லட்டை மேசையில் குப்புற வைத்தார். “சரி, நான் கேட்கவில்லை. நீங்கள் செய்து காட்டுங்கள். சோற்றை எப்படி ஆற வைப்பீர்கள்?” என்றார்.

அண்ணன் தட்டத்தை எடுத்தார். சோற்றை மெல்லிசாகப் பரப்பிக் காட்டினார், எவ்வளவு நேரத்தில் பிறிஜ்ஜுக்குள் போகவேண்டும், எந்தத் தட்டில், எப்போது எறிய வேண்டும் என்று தொடங்கினார். சோற்றில் தொடங்கி இறைச்சிக்குப் போய், இறைச்சியில் இருந்து இடியப்ப மாவுக்குப் போனார். சாப்பாட்டைப் பற்றி அவரைப் பேச விட்டால் நிறுத்துவது கஷ்டம். அந்த மனிதர்தான் பாவம், போக வேறு கடையும் இருந்திருக்கும், கடைசியில் கையைத் தூக்கி, போதும், விளங்கிவிட்டது என்றார். எழுத்தில் பிறகு வரும், ஆனால் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தாள்கள் இன்னும் சில மாதம் ஒழுங்காக ஓடினால்தான் ஐந்து என்றார். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டா.

எங்கள் ஆட்களுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் பொறுக்காது. அண்ணன் அவசரமாக ஒரு தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார். “சேர், தேத்தண்ணி?”

“நோ, தாங்க்யூ” என்று அவர் சிரித்தபடி சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அண்ணன் கோப்பையைக் கையில் வைத்தபடியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அவர் அந்த மனிதர் போன தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தனியே பிள்ளை,” என்றார், “எவ்வளவு லேசா நோ எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.”